மணலில் போட்ட சாலைக்கு யார் காவல்?

தனுஷ்கோடி போய்வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே புகைப்படம்தான் இருக்கும். இருபக்கமும் கடல், நடுவில் கோடு கிழித்தாற்போல் தார்ச்சாலை. "என்னே பொறியியல் சாதனை!" என்று கீழே ஒரு வரி வேறு. சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மணலில் சாலை போடுவது பாதி வேலை. போட்ட சாலையை மணலிடமிருந்து காப்பாற்றுவதுதான் மீதி. அதைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும்; அப்பால் மணலில் தத்தளித்துச் செல்லும் வேன்கள்தான். அங்கேயே வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் நோயாளியைக் கொண்டுபோகவும் பிடித்த மீனை விற்கவும் அந்த மணலைத்தான் கடக்க வேண்டியிருந்தது. 2017 ஜூலை 27 அன்று அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கி.மீ. சாலையைப் பிரதமர் மோடி திறந்து வைத்தார். சுற்றுலாப் பயணிக்கு அது வேடிக்கை. மீனவனுக்கு அது உயிர்நாடி.

மணலுக்கு ஒட்டும் தன்மை கிடையாது. சாலையின் ஓரத்தைத் தாங்கிப் பிடிக்காது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு வரும். சாலை மேட்டில் மோதி வேகம் குறைந்ததும் அங்கேயே போட்டுவிடும். "பொக்லைன் வைத்து அள்ளினால் போயிற்று" என்பார்கள். அள்ளலாம். அடுத்த காற்றுக்கு மறுபடி வருமே!

சீனாக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். தக்லமக்கான் பாலைவனத்தில் 500 கி.மீ.க்கு மேல் நீளும் நெடுஞ்சாலையை 1995-இல் முடித்தார்கள். அத்தோடு விடவில்லை. ஓரங்களில் நாணலைக் கட்டம் கட்டமாக மணலில் பாதி புதைத்துக் காற்றின் வேகத்தைத் தணித்தார்கள். பிறகு 436 கி.மீ. நீளத்துக்கு மரவேலி. அதற்கு நீர் இறைக்க நூற்றுக்கும் மேற்பட்ட கிணறுகள், கிணற்றடியில் குடியிருக்கும் பணியாளர்கள். சாலை போட்டது ஒரு முறை, காவல் தினமும்!

இங்கே அவ்வளவுகூட வேண்டாம். இராவணன் மீசை என்ற புல்லும் அடம்புக் கொடியும் நம் கடற்கரை மணலைச் சும்மாவே பிடித்து வைப்பவை. உப்புக் காற்றில் வளரும், தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாம். மணல்மேட்டில் வண்டி ஏற்றாமல், அதன்மேல் கடை போடாமல் இருந்தாலே போதும். இராமர் வந்த ஊர் என்று கும்பிடப் போகிறவர்கள் இராவணன் மீசையை மிதிக்காமல் வந்தால் அதுவே பெரிய புண்ணியம்.

வணிகவியல் முதலாண்டு மாணவனுக்கே தெரியும்: சாலை அமைப்பது முதலினச் செலவு, பராமரிப்பது வருவாயினச் செலவு. முதலினச் செலவுக்கு ரிப்பன் உண்டு, கல்வெட்டு உண்டு, மேடை உண்டு. வருவாயினச் செலவுக்கு? ஒன்றும் இல்லை. அதனால்தான் அதைச் செய்ய எவருக்கும் ஆர்வம் வருவதில்லை. சாலைக்குப் பணம் ஒதுக்கும் அதே ஆணையிலேயே பத்தாண்டுப் பராமரிப்புக்கும் இருபக்க மணல்மேட்டுக்கும் சேர்த்து ஒதுக்காவிட்டால் அது திட்டமே அல்ல, தவணை முறையில் வரும் நஷ்டம்.

தனுஷ்கோடி தூரம் என்று பள்ளிக்கரணைக்காரர்கள் நினைக்க வேண்டாம். அங்கே நகர்வது மணல். இங்கே நகர்வது தண்ணீர். சுற்றுப்புற ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் சதுப்பு நிலத்தை வெட்டிக்கொண்டுதான் துரைப்பாக்கம் – பல்லாவரம் 200 அடி சாலை போகிறது. வாகனம் போக 200 அடி கொடுத்தவர்கள் தண்ணீர் போக எத்தனை அடி கொடுத்தார்கள்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் நாள்கணக்கில் நின்ற தண்ணீரும் அதைத்தான் கேட்டது.

நகரும் நிலத்தில் சாலை போடுகிறவர்கள், அந்த நிலம் எங்கே போக நினைக்கிறது என்று முதலில் கேட்கட்டும். தார் பிறகு வரட்டும்.