பூட்டி வைக்கவா கத்தி?

மழுங்கிய கத்திதான் கையை வெட்டும். கூரான கத்தி அல்ல!

இது வேடிக்கைப் பேச்சு அல்ல. கூரான கத்தி தானாக இறங்கும். மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டும். அழுத்தினால் வழுக்கும். வழுக்கினால் விரல் போகும். நடுக்காட்டில் மானை உரிக்கும் வேட்டைக்காரருக்கு இது பெரிய ஆபத்து. அங்கே டாக்டர் ஏது?

நம் நாட்டில் வன விலங்குகளை வேட்டையாடுவது குற்றம். 1972-ம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. அமெரிக்காவில் லைசென்சு வாங்கிக்கொண்டு, அதற்குரிய பருவத்தில் மான் வேட்டைக்குப் போகிறார்கள். அவர்களில் சிலர், கைதேர்ந்த கொல்லரிடம் சொல்லிக் கத்தி செய்துகொள்கிறார்கள்.

கடையில் கத்தி கிடைக்காதா? கிடைக்கும். விலையும் மலிவு. எப்போதோ ஒரு முறை காட்டுக்குப் போகிறவருக்கு அதுவே போதும். ஆனால் கத்தியை நம்பி வேலை செய்கிறவருக்குக் கொல்லர் வேண்டும். ஏன்?

நெருப்பும் எண்ணெயும்

உருக்கைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் அது கடினமாகும். ஆனால் கண்ணாடி போல் உடையும் குணமும் வந்துவிடும். ஆகவே மறுபடியும் சுமார் 200 டிகிரி சூட்டில் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். கூர்ப் பக்கம் கடினமாகவும், முதுகு சற்று இளக்கமாகவும் இருக்கும்படி செய்வது கெட்டிக்காரக் கொல்லரின் வேலை. அப்போது கூரும் நிற்கும், கத்தியும் ஒடியாது.

சூடு போதுமா என்பதை எப்படி அறிவது? காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள். அந்தச் சூட்டில் உருக்கைக் காந்தம் இழுக்காது!

நான்கு சோதனைகள்

1976-ல் அமெரிக்கக் கத்திக் கொல்லர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதில் தேர்ச்சி பெற விரும்புகிறவருக்குக் கடுமையான சோதனை உண்டு. தாமே அடித்த கத்தியைக் கொண்டுவர வேண்டும். தொங்கும் 1 அங்குலக் கயிறு ஒரே வீச்சில் அறுபட வேண்டும். 2-க்கு 4 மரச் சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். பிறகு, சாணை பிடிக்காமல், அதே கூரினால் முடியை மழிக்க வேண்டும். கடைசியில் கத்தியை 90 டிகிரி வளைப்பார்கள். அது இரண்டாக ஒடியக்கூடாது!

பழைய காரிலிருந்து கத்தி

பாப் லவ்லெஸ் என்பவர் புகழ்பெற்ற கத்தித் தொழிலாளி. 2010-ல் காலமானார். 1950-களில் அவர் கையால் செய்த கத்தி ஒன்றை வாங்கப் போனார். "ஒன்பது மாதம் ஆகும்" என்றார்கள். அவர் காத்திருக்கவில்லை. பழைய பாக்கர்டு காரின் ஸ்பிரிங் பட்டையை எடுத்துத் தாமே கத்தி செய்தார்!

இன்று அவருடைய கத்திகளைச் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டுகிறார்கள்.

இது சரியா? சரியல்ல என்பேன்.

பணம் அவர்களுடையதுதான். ஆனால் தொழிலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். "பிடி உறுத்துகிறது, கூர் சீக்கிரம் போகிறது" என்று வாங்கியவர் வந்து சொன்னால்தான் அடுத்த கத்தி திருந்தும். பூட்டி வைத்தவர் என்ன சொல்வார்? "அழகாக இருக்கிறது" என்பார். அதை மட்டுமே கேட்கும் கொல்லர் அழகுக்கே சம்மட்டி பிடிப்பார். கை வேலை பொம்மை வேலை ஆகிவிடும்.

நம் வீட்டில்

நம் ஊர்க் கொல்லரும் லாரிப் பட்டையில் அரிவாள் அடிக்கிறார். அவரிடம் வாங்குங்கள், வாங்கியதைப் பயன்படுத்துங்கள். குறை இருந்தால் அவரிடமே கொண்டுபோய்ச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் கத்தியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சிறிது எண்ணெய் தடவுங்கள். துரு ஏறாது. குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.