படித்ததை அடுத்தவருக்குச் சொல்வோம்

திருமழிசையில் பிறந்த ஆழ்வார் அருளியவற்றில் இன்று நம்மிடம் இருப்பவை இரண்டு. ஒன்று 120 பாடல்கள் கொண்ட திருச்சந்த விருத்தம்; மற்றொன்று 96 வெண்பாக்கள் கொண்ட நான்முகன் திருவந்தாதி. இவை நம் கைக்கு வந்த விதத்தை வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. ஆழ்வார்களின் பாசுரங்கள் வழக்கொழிந்து கிடந்த காலத்தில், காட்டுமன்னார்கோயிலுக்கு வந்த யாத்திரிகர் சிலர் பத்துப் பாசுரங்களைப் பாடினார்கள். கேட்டு உருகிய நாதமுனிகள், மீதிப் பாடல்கள் எங்கே என்று விசாரித்தார். அந்தத் தேடலில்தான் ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களும் மீண்டன என்பது மரபு.

வந்தவர்களுக்குத் தெரிந்தது பத்துப் பாடல்தான். அதை அவர்கள் தங்களோடு வைத்துக்கொள்ளவில்லை. கேட்டவரும் கேட்டதோடு நிற்கவில்லை. ஒரு நூல் பிழைத்திருக்கச் சொல்பவரும் வேண்டும், தேடுபவரும் வேண்டும். நமக்குப் பிடித்த நாவலை இன்னொருவருக்குச் சொல்வதை ஓய்வுநேரப் பேச்சு என்று நினைத்துவிடுகிறோம். அது ஊரார் பங்கிட்டுச் செய்ய வேண்டிய பொதுக்காரியம்.

பணத்தளவில் நம் பங்கை ஏற்கெனவே செலுத்தி வருகிறோம். விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகங்களுக்கென முதன்முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் இடைவிடாத முயற்சியால் 1948-ல் அந்தச் சட்டம் வந்தது. அதன்படி சொத்து வரியோடு 10 விழுக்காடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. ஆயிரம் ரூபாய் வரி கட்டும் வீட்டிலிருந்து நூறு ரூபாய் நூலகத்துக்குச் சேர வேண்டும். திருமழிசையில் வீட்டுக்காரர், கடைக்காரர், தொழிற்பேட்டையில் ஆலை நடத்துபவர் எல்லோருமே இந்த வகையில் நூலகத்தின் பங்குதாரர்கள்.

ஆனால் வரிப்பணம் புத்தகத்தை அலமாரி வரைக்கும்தான் கொண்டுவரும். அங்கிருந்து வாசகர் கைக்கு அது போய்ச்சேர ஒரு மனிதர் வாய்திறக்க வேண்டும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கேற்ற நூலும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கேற்ற வாசகரும் கிடைக்க வேண்டும் என்று ரங்கநாதன் 1931-ல் விதியே வகுத்தார். அதே ஆண்டு மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனது. இன்று பல கிளை நூலகங்களில் பதிவேடு எழுதுவதும் இரவல் கொடுப்பதும் பாக்கிப் புத்தகங்களைக் கேட்பதும் ஒரே நூலகர்தான். அத்தனை வாசகருக்கும் அத்தனை நூலுக்கும் அவர் ஒருவரே தரகராக இருக்க முடியாது. மீதி வேலை நம்முடையது.

தமிழ் நாவலுக்கு இந்த வேலையை வாசகர்கள் முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள். எழுத்தாளர் க.நா. சுப்ரமண்யம் தான் ரசித்த நாவல்களை 'படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டு அறிமுகப்படுத்தினார். 1960-களில் தீரர் சத்தியமூர்த்தியின் மகள் லக்ஷ்மி கிருஷ்ணமூர்த்தி, உறுப்பினராகச் சேரும் வாசகர்களை நம்பி 'வாசகர் வட்டம்' என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்', சா. கந்தசாமியின் 'சாயாவனம்', கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' எல்லாம் அங்கிருந்து வந்தவை.

இவற்றில் திருமழிசைக்காரர்களுக்கு எதைச் சொல்லலாம்? 'சாயாவனம்' என்பேன். 1969-ல் வந்த நாவல். கரும்பாலை கட்டுவதற்காக ஒருவன் அடர்ந்த தோட்டத்தை வாங்கி, மரம் மரமாக வெட்டி எரித்து அழிப்பதுதான் கதை. ஆசிரியர் அவனைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. கழனிகள் மனைப்பிரிவுகளாவதையும், பெங்களூரு நெடுஞ்சாலையோரம் ஆலைகள் எழுவதையும், அந்த ஆலைகளே பல குடும்பங்களுக்குச் சோறு போடுவதையும் ஒருசேரப் பார்த்த ஊர் இது. இங்கே இருப்பவர் அந்த நாவலைப் படித்தால் வேறு யாருக்கும் தோன்றாத கேள்விகள் தோன்றும். 'நல்ல நாவல், படியுங்கள்' என்பதோடு நிறுத்தாமல், இன்னாருக்கு இன்ன காரணத்தால் பிடிக்கும் என்று சொல்வதுதான் பரிந்துரை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1998-ல் பொது நூலகம் ஒரே நாவலை ஊரே படிக்கட்டும் என்று அழைத்தது. அந்த யோசனை பிறகு பல நகரங்களுக்குப் பரவியது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருமழிசை வாசகர்கள் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு நாவலைத் தேர்ந்து படித்துப் பேசினால் என்ன?

ரசனை ஆளுக்கு ஆள் மாறுமே என்பார்கள். மாறட்டும். ரமணிசந்திரனையும் ராஜேஷ்குமாரையும் விரும்பிப் படிப்பவரை ஏளனமாகப் பார்ப்பதை முதலில் விட வேண்டும். படிக்கும் பழக்கம் உள்ள அவரிடம்தான் அடுத்த நாவலைக் கொடுப்பது எளிது. அவர் சொல்வதை நாமும் படித்துப் பார்ப்பதே மரியாதை. கைப்பேசி வந்தபின் யார் படிக்கிறார்கள் என்பதும் முழு நியாயம் இல்லை. கைப்பேசியிலும் படிக்கிறார்கள், எதைப் படிப்பது என்று சொல்லத்தான் ஆள் வேண்டும்.

பொறுப்பைப் பிரித்துக்கொள்வோம். உள்ளாட்சி அமைப்பு, வசூலித்த நூலக வரியைத் தாமதமின்றி நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தட்டும். பள்ளிகள் நூலகப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுக்காமல் இருக்கட்டும். பெற்றோர் கதைப் புத்தகத்தைப் படிப்புக்குப் பகையாகக் கருத வேண்டாம். நூலகங்களின் வாசகர் வட்டங்கள், பாராட்டு விழாக்களைக் குறைத்துக்கொண்டு படித்தவர் பேச இடம் தரட்டும். வசதியுள்ளவர்கள் ஆயிரம் ரூபாய் கட்டி நூலகப் புரவலராகலாம். நேரமுள்ளவர்கள் 'நூலக நண்பர்கள்' திட்டத்தில் சேர்ந்து, நடக்க முடியாத முதியவர்களுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். எடுத்த நூலைத் தவணைக்குள் திருப்புவது எல்லோருக்கும் பொதுவான கடமை. நம் வீட்டில் தங்கிவிட்ட ஒரு பிரதி, அடுத்து வருபவரின் வாசிப்பைத் தடுக்கிறது.

இதில் கட்சி வேறுபாடோ சாதி வேறுபாடோ குறுக்கே வரத் தேவையில்லை. ஒவ்வொரு நூலகத்திலும் ஒரு பரிந்துரை நோட்டு வைக்க நூலகரிடம் கேட்போம். புத்தகத்தைத் திருப்பும்போது அதன் பெயரையும், யாருக்குப் பிடிக்கும் என்பதையும் இரண்டு வரியில் எழுதிவைப்போம். இந்த மாதமே தொடங்கிவிடலாம். அரசாணைக்குக் காத்திருக்க வேண்டிய வேலை இல்லை இது.