விதையும் ஒரு மூலதனமே

நமது சங்கங்களின் பேரேடுகளில் பங்கு மூலதனம், வைப்புத்தொகை, கடன் நிலுவை, உர மூட்டைகளின் இருப்பு ஆகிய யாவற்றிற்கும் தனித்தனித் தலைப்பு உண்டு. விதைக்கு மட்டும் ஒரு பக்கமேனும் இல்லை. ஏடுகளைப் பார்வையிடும் பணியில் உள்ள எனக்கு இக்குறை நெடுநாள் புலப்படவில்லை. குமாரலிங்கபுரத்தில் முதிய விவசாயி ஒருவர், “ஐயா, எல்லாக் கடனும் கொடுக்கிறீர்கள்; கருங்கண்ணி விதை ஒரு படி கொடுப்பீர்களா?” என்று கேட்டபோதுதான் அது உறைத்தது. விடை கூற இயலாமல் திரும்பினேன்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் காட்டிற்குக் கருங்கண்ணி புதிய பயிரன்று. கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஆராய்ச்சி நிலையம், இப்பருத்தியினின்றும் தேர்ந்தெடுத்து ‘கே’ என்னும் எழுத்து வரிசையில் பல ரகங்களை வழங்கிற்று. புரட்டாசி, ஐப்பசி மழையில் விதைத்தால், கரிசல் மண் பிடித்து வைத்த ஈரத்தைக் கொண்டே காய்த்து, மாசி, பங்குனியில் வெடிக்கும் இயல்பு அதற்கு உண்டு. வறட்சியையும் சாறு உறிஞ்சும் பூச்சிகளையும் தாங்கவல்லது. இத்தகைய பயிர் நம்மிடையே அருகியது ஏன்?

காரணம் இரண்டு. முதலாவது, நாம் விற்பது பஞ்சன்று, விதையோடு கூடிய பருத்தி. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விதையே. அரவை ஆலைக்குள் சென்றதும் பல ஊர் விதைகள் ஒன்றாய்க் கலந்து எண்ணெய்க்கும் மாட்டுத் தீவனத்திற்கும் போய்விடுகின்றன. இரண்டாவது, 2002ஆம் ஆண்டில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தபின் வீரிய ஒட்டு விதைகள் எங்கும் பரவின. ஒட்டு ரகத்தின் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் குணம் சிதறும். ஆகவே ஆண்டுதோறும் பொட்டலம் வாங்கியே தீரவேண்டும். பருவமழை பொய்த்த ஆண்டில் அப்பொட்டலத்தின் விலை கடனாக நிற்கிறது. அக்கடன் வாரா நிலுவையாகி, முடிவில் நம் சங்கத்தின் ஏட்டிலேயே வந்து சேருகிறது.

பக்கத்துக் காட்டில் பி.டி. பருத்தி இருந்தால் நம் விதை கெட்டுவிடாதா என்று சிலர் ஐயுறுவர். அவை அமெரிக்க இனத்தைச் சேர்ந்தவை. கருங்கண்ணியோ ஆசிய இனம். இவற்றின் குரோமோசோம் எண்ணிக்கை வேறாதலின் இயற்கையில் எளிதில் கலப்பதில்லை. அஞ்சவேண்டியது அரவை ஆலைக் கலப்பையே. ஆதலின் விதைப் பருத்தியைத் தனியே அரைத்தல் இன்றியமையாதது.

செய்முறை கடினமன்று. நோயற்ற, நன்கு காய்த்த செடிகளை முன்கூட்டியே அடையாளமிட வேண்டும். முதல் எடுப்பையும் கடைசி எடுப்பையும் விடுத்து, இடை எடுப்புகளில் நன்றாய் வெடித்த காய்களினின்றும் பருத்தி சேர்க்க வேண்டும். தனியே அரைத்த விதையை உலர்த்தி, ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டும். விதைக்கும்போது சாணிப்பாலும் செம்மண்ணும் சேர்த்துத் தேய்த்தால் பஞ்சிழை ஒட்டாது விதை பிரிந்து விழும். பருத்தி விதையின் முளைப்புத் திறன் விரைவில் குறையுமாதலால் ஆண்டுதோறும் விதைத்துப் புதுப்பித்தலே பாதுகாப்பு.

ஏக்கருக்கு ஏறத்தாழ 8 கிலோ விதை வேண்டும். 50 ஏக்கருக்கு 400 கிலோ. இதற்குச் சுமார் 600 கிலோ பருத்தியை ஒதுக்கினால் போதும். ஒரு சங்கத்திற்கு இது பெருஞ்சுமையா? விதையைக் கடனாக வழங்கி, அறுவடையில் ஒன்றுக்கு ஒன்றரையாகத் திரும்பப் பெறலாம். மழை தவறினால் அடுத்த போகத்திற்குத் தவணை தரலாம். தாம் விளைத்த விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விவசாயிக்குள்ள உரிமையை 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. வணிகப் பெயரிட்டு விற்பதற்கு மட்டுமே தடை.

கருங்கண்ணியின் இழை குட்டையானது. மகசூலும் ஒட்டு ரகத்தினும் குறைவு. இதை மறைப்பதில் பயனில்லை. பெரிய ஆலைகள் இதனை நாடமாட்டா. இங்கேதான் நெசவாளர் சங்கங்களின் கடமை தொடங்குகிறது. நடுத்தர, தடித்த நூலில் நெய்யும் துணிக்கு இவ்விழை தகும். குஜராத்தின் கட்சுப் பகுதியில் காலா என்னும் மானாவாரி நாட்டுப் பருத்தியை விளைப்போரும் நூற்போரும் நெய்வோரும் ஒருங்கிணைந்து மீண்டும் சந்தைக்குக் கொணர்ந்துள்ளனர். விளைப்பவனுக்கு முன்கூட்டியே விலையை உறுதி செய்யும் நெசவாளர் சங்கம் இருப்பின், கரிசல் காட்டிலும் அது கைகூடும். கொள்முதல் உறுதியின்றி விதையை மட்டும் வழங்குதல் விவசாயியை ஏமாற்றுவதாகும்.

2023ஆம் ஆண்டில் மத்திய அரசின் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா நம் விருதுநகர் மாவட்டத்திற்கு ஒதுக்கப்பெற்றது. மகிழத்தக்கதே. ஆயினும் ஆலை எத்துணைப் பெரிதாயினும் விதையை அது படைக்காது. அதைக் காப்பது நம் கையில் உள்ளது.

ஆகவே, அடுத்த பொதுச்சபையில் ஒவ்வொரு சங்கமும் விதை இருப்புக்கென ஒரு தீர்மானம் நிறைவேற்றுமாக. அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஆளுக்கு இரண்டு கிலோ பருத்தி ஒதுக்க முன்வருவாராக. மறுமுறை குமாரலிங்கபுரம் செல்லும்போது அப்பெரியவருக்கு வெறுங்கையோடு விடை கூற நான் விரும்பவில்லை.