பதினாறு வரிசையில் தமிழ்

பழைய வீடியோ கேம் காலத்துக் கட்டம் கட்டமான பிக்சல் எழுத்து மறுபடியும் நாகரிகமாகியிருக்கிறது. பனியனிலும் சுவரொட்டியிலும் இளைஞர்கள் அதை ஆசையாகப் போட்டுக்கொள்கிறார்கள். 1984இல் மெக்கின்டோஷ் கணினிக்காக சூசன் கேர் வரைந்த ‘சிகாகோ’ எழுத்துருவுக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. ஆங்கிலத்துக்கு அது போன காலத்தின் நினைவு. தமிழுக்கு அப்படியில்லை. தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் இருட்டுகிற நேரத்தில் நின்று பாருங்கள். பேருந்தின் நெற்றி, மருந்துக்கடை வாசல், லாட்ஜ் மாடி என்று எங்கும் புள்ளி விளக்குகளில்தான் எழுத்து ஓடுகிறது. நமக்கு இது இன்றைய எழுத்து. ஆனால் இன்னும் ஒழுங்காக வரையப்படாத எழுத்து.

கீழவாசல் பக்கம் எல்.இ.டி. பலகை செய்து பிழைக்கிறவன் நான். இந்தத் தொழிலில் அதிகம் புழங்குவது ‘பி-10’ மாட்யூல். அகலத்தில் 32 புள்ளி, உயரத்தில் 16 புள்ளி. புள்ளிக்குப் புள்ளி 10 மில்லிமீட்டர். இந்தப் பதினாறு வரிசைக்குள் தமிழ் முழுவதும் அடங்க வேண்டும். மெய்யின் புள்ளிக்கும் ‘கி’யின் கொக்கிக்கும் மேலே மூன்று வரிசை, ‘கு’, ‘மூ’ போன்றவற்றின் காலுக்குக் கீழே நான்கு வரிசை. நடுவில் மிஞ்சுவது ஒன்பது. அந்த ஒன்பதில் மூன்று சுழி ‘ண’வை எழுத வேண்டும். ஒவ்வொரு சுழிக்குள்ளும் ஒரு புள்ளியாவது அணைந்திருந்தால்தான் அது சுழி. இரவில் விளக்கொளி பரவி அந்த ஒற்றைப் புள்ளியையும் விழுங்கிவிடும். அதனால் ‘ண’வுக்குப் பதின்மூன்று, பதினான்கு புள்ளி அகலம் கொடுத்தே ஆக வேண்டும். ‘ர’வுக்கு ஆறு போதும், ஆனால் கீழே சாய்வாக இரண்டு புள்ளி வைக்காவிட்டால் அது துணைக்காலாகிவிடும்.

இந்தக் கணக்கு எதுவும் கணினிக்குத் தெரியாது. அச்சுக்காக வரைந்த எழுத்துருவை எடுத்து, பதினாறு வரிசைக்குச் சுருக்கு என்று மென்பொருளிடம் சொன்னால் அது சுருக்கித்தான் தரும். கும்பகோணம் ‘கும்பகோனம்’ ஆகும். ஒரத்தநாட்டின் ‘த்’ புள்ளியை இழக்கும். அதைத்தான் பெரும்பாலான பலகைகளில் நாம் படித்துக்கொண்டிருக்கிறோம். ஊர்க்காரன் பழக்கத்தில் புரிந்துகொள்வான். வெளியூரிலிருந்து வந்த வயதானவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும்.

பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் எகர ஏகார, ஒகர ஓகாரக் குழப்பத்தைத் தீர்க்க எழுத்தையே திருத்தினார். 1978இல் தமிழக அரசு ணா, றா, னா, லை, ளை உள்ளிட்ட 13 எழுத்துகளைச் சீராக்கியது. இவ்வளவு பாடுபட்டுத் தெளிவாக்கிய எழுத்தை ஒரு விளக்குப் பலகையில் மறுபடியும் கலங்கவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கடைக்காரர்கள் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: “அண்ணே, இங்கிலீஷ்லயே போட்டுடுங்க, தெளிவா இருக்கும்.” அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் இரண்டு மாட்யூலில் முடிகிற கும்பகோணத்துக்குத் தமிழில் மூன்று வேண்டும், காசும் கூடுகிறது. அப்படிக் கூடக் கொடுத்தும் எழுத்து மங்கலாக இருந்தால் யார் தமிழைக் கேட்பார்கள்?

ஆனால் வேலை பெரிதல்ல. உயிர் 12, ஆய்தம் 1. பதினெட்டு மெய்க்கும் அகரம், புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என ஆறு வடிவம், ஆக 108. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு நான்கு. மொத்தம் 125 வடிவம், கிரந்தம் தனி. ஓர் எழுத்துக்குச் சராசரியாக 16க்கு 16 கட்டம் என்றால் 32 பைட். 125க்கும் சேர்த்து 4,000 பைட்தான். கைப்பேசியில் எடுக்கிற ஒரு புகைப்படத்தின் ஓரத்துக்குக்கூட அது காணாது. தேவைப்படுவது கட்டம் போட்ட கணக்கு நோட்டும், ஒவ்வொரு புள்ளியையும் யோசித்து வைக்கிற கையும்தான். நான் என் பலகைகளுக்கு அப்படித்தான் வரைகிறேன்.

டாஸ் இயங்குதளக் காலத்தில் கணினித் திரையில் எழுத்து என்றாலே புள்ளிதான். கனடாவில் கே. சீனிவாசன் ‘ஆதமி’ என்ற தமிழ் மென்பொருளையும் மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளையும் உருவாக்கியது அந்த 1980களில். பிறகு எந்த அளவுக்கும் விரியும் எழுத்துருக்கள் வந்தன, புள்ளி வேலை கைவிடப்பட்டது. விளக்குப் பலகைகள் தெருவுக்குத் தெரு வந்த பிறகாவது அதை மீட்டிருக்க வேண்டும்.

ஒருங்குறி எழுத்துருக்களை இலவசமாகத் தருகிற தமிழ் இணையக் கல்விக்கழகமும், நம் ஊரிலேயே 1981 முதல் இயங்கும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 16, 24, 32 வரிசைகளில் புள்ளி எழுத்துருக்களை வரையவைத்து, யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட வேண்டும். அரசு வாங்கும் எல்லாப் பலகைகளிலும் அவையே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். 2028இல் கும்பகோணத்தில் மகாமகம். லட்சக்கணக்கானவர்களுக்கு வழி சொல்லும் பலகைகள் அதற்குள் தெளிவாகிவிட வேண்டும்.

அதுவரை, பலகை வாங்குபவர்கள் ஒன்று செய்யலாம். பணம் கொடுப்பதற்கு முன் இருட்டிய பிறகு சாலையின் எதிர்ப்பக்கம் நின்று படித்துப் பாருங்கள். ‘ண’வின் மூன்று சுழியும் மெய்யின் புள்ளியும் தெரியவில்லை என்றால், திருத்தித் தரச் சொல்லுங்கள்.