மைனஸ் 40 டிகிரியில் ஒரு கால் டாக்ஸி!

மெக்கானிக்கல் படிக்கிறவங்களுக்கு மட்டுமே தெரிஞ்ச ஒரு சோகம் உண்டு. எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும், காபி டம்ளர் கைக்கு வர்றதுக்குள்ள, "நீ மெக்கானிக்கல்தானே? இதைக் கொஞ்சம் பாரேன்" என்று ஏதாவது ஒன்றை எதிரே வைப்பார்கள். மிக்ஸி, தண்ணி மோட்டார், தையல் மிஷின்... நமக்கோ தெர்மோடைனமிக்ஸில் அரியர்!

எனக்கு அப்படி வந்தது எங்க மாமாவோட டீசல் கார். மதுரையில் கால் டாக்ஸி ஓட்டுகிறார். நான் அப்போ மூணாவது வருஷம். கத்திரி வெயில் நேரம். சாவியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணின அடுத்த நிமிஷமே ரேடியேட்டர் ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி சுத்தும். ஏ.சி. வேலை செய்யாது. டேஷ்போர்டில் மஞ்சளாக இன்ஜின் லைட். அந்த வெயிலில் ஏ.சி. இல்லாத டாக்ஸியில் யார் ஏறுவாங்க? வைகாசி முகூர்த்த சவாரி எல்லாம் கைநழுவிப் போக, வண்டித் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். பி0118 என்று ஒரு கோடு. 'கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் போச்சு' என்று புதுசு மாட்டினார்கள். சரியாகலை. அது டூப்ளிகேட் என்று இன்னொன்று. அப்பவும் சரியாகலை. மூணாவது தடவை, "இ.சி.யூ.வையே மாத்தணும் சார்" என்றார்கள். மாமா என்னைக் கூப்பிட்டது அதுக்கு அப்புறம்தான். "மாப்ள, நீ படிச்ச படிப்புல இதெல்லாம் வருமாடா?"

வராது மாமா. ஆனா பிசிக்ஸ்ல வரும்.

அந்த சென்சார் ரொம்ப சாதாரணமான பொருள், ஃப்ரெண்ட்ஸ். சூடு ஏற ஏற மின்தடை குறையுற ஒரு தெர்மிஸ்டர், அவ்வளவுதான். பல வண்டிகளில் வர்ற வகை 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் காட்டும். 80 டிகிரியில் சுமார் 320. நூறைத் தொட்டால் இருநூறுக்கும் கீழே. இ.சி.யூ. அதுக்கு 5 வோல்ட் அனுப்பி, எவ்வளவு திரும்ப வருதுன்னு பார்த்துக் கணக்குப் போடுது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி வர்ற சூட்டில்தான் டீசல் பற்றும். அதனால இன்ஜின் குளிர்ந்திருக்கா, சூடா இருக்கான்னு தெரிஞ்சாதான் குளோ பிளக்கை எவ்வளவு நேரம் எரிய விடணும், எவ்வளவு டீசல் தெளிக்கணும், ஃபேனை எப்போ சுத்த விடணும்னு அதால முடிவெடுக்க முடியும்.

சரி, ஒயர் அறுந்துபோனா? மின்தடை முடிவில்லாமல் போகும். இ.சி.யூ. அதை 'பயங்கரக் குளிர்' என்று எடுத்துக்கொள்ளும். பல வண்டிகளில் அது மைனஸ் 40 டிகிரி! ரெண்டு ஒயரும் ஒட்டிக்கிட்டா தலைகீழ்: கொதிநிலைக்கும் மேலே காட்டும். அதுக்கு கோடு பி0117. எப்படியும் சந்தேகம் வந்துட்டா இ.சி.யூ. ரிஸ்க் எடுக்காது. ஃபேனை ஓட விட்டு, ஏ.சி.யை நிறுத்திடும். மாமா வண்டியில் நடந்தது அதுதான். ஆக, அந்தக் கோடு சொன்னது 'இந்த சர்க்யூட்டில் கோளாறு' என்று மட்டும்தான். 'சென்சாரை மாத்து' என்று அது சொல்லவே இல்லை!

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆரம்பிச்சோம். ஃப்ரெண்டுகிட்ட ஓசி வாங்கின புளூடூத் ஸ்கேனர், என் போன். இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது உள்ளே வர்ற காற்றின் வெப்பமும் கூலன்ட் வெப்பமும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கணும். காற்று 31. கூலன்ட் மைனஸ் 40. மதுரையில்!

சென்சார் கனெக்டரைக் கழற்றி, அதன் ரெண்டு பின்னையும் சின்ன ஒயரால் இணைச்சேன். (இது ரெண்டு பின் சென்சாருக்கு மட்டும். மூணு நாலு பின் இருந்தா வயரிங் படம் பார்க்காம கை வைக்காதீங்க.) ஒயரும் இ.சி.யூ.வும் சரியா இருந்தா எண் மைனஸிலிருந்து நூறுக்கு மேலே எகிறணும். அசையவே இல்லை. அப்போ சென்சார் நிரபராதி! அடுத்து மல்டிமீட்டர். ரெண்டு பின்னுக்கும் நடுவில் 5 வோல்ட் இருக்கணும், பூஜ்யம். ஒரு முனையை பேட்டரி மைனஸில் வைத்துப் பார்த்தால் சிக்னல் பின்னில் 5 வோல்ட் ஜம்முனு வருது. அதாவது இ.சி.யூ. அனுப்புது, திரும்பிப் போற எர்த் ஒயர்தான் எங்கேயோ அறுந்திருக்கு.

அந்த ஒயரை வெளியே பார்த்தால் ஒரு குறையும் இல்லை. கனெக்டரிலிருந்து நாலு விரல் தள்ளி லேசா வளைச்சப்போ மட்டும் கொழகொழன்னு மடங்குச்சு. உறைக்குள்ளே செம்பு அறுந்து கிடந்தது. வெட்டி, சால்டர் வெச்சு, சுருங்கு டியூப் போட இருபது நிமிஷம். சாவியைத் திருப்பினோம். கூலன்ட் 32. ஃபேன் சத்தமே இல்லை. மாமா ஒண்ணும் பேசலை, ஏ.சி.யைப் போட்டுட்டு கண்ணாடியை ஏத்திட்டார்.

இதைப் படிச்சுட்டு எல்லாத்துக்கும் சென்சார் மேலயும் ஒயர் மேலயும் பழி போடாதீங்க பாஸ். ஹைவேயில் போனா சூடு அறுபதுக்கு மேல ஏறவே மாட்டேங்குதுன்னா, தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டியிருக்கலாம். சென்சார் உண்மையைத்தான் சொல்லுது. முள் சிவப்புக்குப் போனா, 'சென்சார் கோளாறா இருக்கும்' என்று ஓட்டிக்கிட்டே போறது இன்னும் மோசம். ஹெட் வளைஞ்சா செலவு வேற லெவல். இன்னொரு ஆபத்தும் இருக்கு: கூலன்ட் வடிஞ்சு, சென்சார் காற்றில் தொங்கினா, இன்ஜின் கொதிச்சாலும் சூடு கம்மியா காட்டும். அதனால முதல்ல கூலன்ட் அளவைப் பாருங்க. அதுவும் வண்டி நல்லா ஆறின பிறகு. சூட்டோட ரேடியேட்டர் மூடியைத் திறந்தா முகத்தில்தான் அடிக்கும்.

அன்னிக்கு சாயங்காலம் மாமா, ஒர்க்‌ஷாப்பில் பேப்பரில் சுத்திக் கொடுத்த ரெண்டு பழைய சென்சாரையும் எடுத்துட்டு வந்தார். அத்தையிடம் ஒரு சொம்பு வெந்நீர் வாங்கி, ஒவ்வொன்றாக நுனியை முக்கி மல்டிமீட்டர் வெச்சோம். வெளியே இருக்கும்போது 1,700 ஓம் பக்கம். வெந்நீரில் மளமளன்னு இறங்கி நானூறுக்குக் கீழே. ரெண்டுமே நல்ல சென்சார்! மாமா ரெண்டு பில்லையும் எடுத்து ஒருதடவை கூட்டிப் பார்த்தார். இன்னிக்கும் அந்த ரெண்டும் அவர் வண்டி டேஷ்போர்டுக்குள்ளேதான் கிடக்கு.