எத்தனை கிலோ உட்காரப்போகிறது?

பழைய புல்லட்டுக்குப் பின் ஷாக் மாற்ற வேண்டும் என்று சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் போய் நின்றால், பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி ‘ஆயிலா, கேஸா?’ என்பதுதான். அடுத்தது விலை. அதற்கடுத்து குரோமா, கறுப்பா. அந்த வண்டியில் உட்காரப்போகிறவர் எத்தனை கிலோ, பின்னால் ஆள் ஏறுவது அன்றாடமா எப்போதாவதா என்பதை வாங்குபவரும் சொல்வதில்லை, விற்பவரும் கேட்பதில்லை. சட்டை வாங்கும்போது அளவைக் கேட்காமல் துணியை மட்டும் தடவிப் பார்ப்பது போன்றது இது. பின் ஷாக்கைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் தெரிய வேண்டியது எடை. எடைதான் ஸ்பிரிங்கைத் தீர்மானிக்கிறது, ஸ்பிரிங்தான் ஆயிலின் வேலையைத் தீர்மானிக்கிறது. கேஸ், பிராண்டு, நிறம் எல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும்.

ஷாக் எதற்காக இருக்கிறது என்பதிலேயே நமக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. முதுகு வலிக்காமல் இருக்கத்தான் ஷாக் என்று நினைக்கிறோம். முதுகுக்காக மட்டும் என்றால், சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங் வைத்துப் பின்சக்கரத்தைச் சட்டகத்தோடு இறுக்கிவிட்ட அந்தக்கால வண்டிகளே போதும். இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1948இல், பின்சக்கரத்தை மேலும் கீழும் ஆடவிடும் ஸ்விங் ஆர்ம் வைத்த புல்லட் மாதிரிகளை கோல்மோர் கோப்பை ட்ரையல்ஸ் போட்டியில் இறக்கியபோது, சேற்றிலும் கல்லிலும் பிடிப்பு வேண்டுமென்றால் பின்பக்கம் இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பிய ஓட்டுநர்கள் நிறைய இருந்தார்கள். அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் புல்லட் ஓட்டிய இருவரும் தங்கப் பதக்கம் பெற்றார்கள். காரணம் இதுதான்: சக்கரம் மேடு ஏறி இறங்கும்போது அதைத் திரும்பத் தரையில் அழுத்தி வைப்பது ஸ்பிரிங். அது துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஆயில். டயர் தரையைவிட்டு எழும்பியிருக்கும் நேரத்தில் பிரேக்கும் இல்லை, பிடிப்பும் இல்லை. ஆகவே ஷாக் முதலில் டயரின் சேவகன், முதுகின் சேவகன் பிறகுதான். 1955இல் தொடங்கி நம் திருவொற்றியூரில் உருவான வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டுகள் அந்த ஸ்விங் ஆர்ம் வடிவத்தையே வெகுகாலம் சுமந்துவந்தன. அதனால் இந்தக் கணக்கு அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஸ்பிரிங்கின் வலு அதன் கம்பியின் கனத்தைப் பொறுத்து நான்காம் அடுக்கில் ஏறுகிறது. அதாவது சுருளின் அகலமும் சுற்றுகளும் மாறாமல் 7 மி.மீ. கம்பியை 8 மி.மீ. ஆக்கினால், வலு ஏழில் ஒரு பங்கு கூடுவதில்லை, ஏறத்தாழ 70 சதவீதம் கூடுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 7 மி.மீ. கம்பி, நடுச்சுருள் அகலம் 50 மி.மீ., வேலை செய்யும் சுற்றுகள் 12 என்று ஒரு ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டால், அது 1 மி.மீ. அமுங்க ஏறக்குறைய 1.6 கிலோ பாரம் தேவை. இரண்டு பக்கமும் சேர்த்து 3.2 கிலோ. ஷாக் அச்சுக்குச் சற்று முன்னால் சாய்ந்து நிற்பதால், சக்கரம் 10 மி.மீ. ஏறினால் ஷாக் 9 மி.மீ.தான் அமுங்கும் என்று வைத்துக்கொள்வோம். நெம்புகோல் கணக்கில் அந்த விகிதத்தை இரண்டு முறை பெருக்க வேண்டும் என்பதால், சக்கரத்தில் உணரப்படும் வலு 2.6 கிலோவாகக் குறைகிறது. இப்போது பின்சீட்டில் 60 கிலோ ஆள் ஏறுகிறார். அந்த எடை ஏறக்குறைய முழுவதும் பின்சக்கரத்தின் மேல்தான். வண்டி 23 மி.மீ. இறங்கிவிடும். சக்கரம் மேலும் கீழும் நகரும் மொத்த ஓட்டமே 75 மி.மீ. என்றால், மூன்றில் ஒரு பங்கு அவர் ஏறி உட்கார்ந்ததிலேயே தீர்ந்துவிட்டது. ஓட்டுபவரின் எடையை இன்னும் சேர்க்கவில்லை. முதல் பள்ளத்திலேயே ஷாக் அடிமட்டத்தில் முட்டும். 8 மி.மீ. கம்பி என்றால் அதே ஆளுக்கு 14 மி.மீ.தான் இறங்கும். ஆனால் 55 கிலோ எடையுள்ள ஒருவர் தனியாக ஓட்டும் வண்டியில் அந்த 8 மி.மீ. ஸ்பிரிங்கைப் போட்டால், அது மரக்கட்டையாக நின்று ஒவ்வொரு கல்லுக்கும் சக்கரத்தைத் தூக்கியடிக்கும். நல்ல ஷாக், கெட்ட ஷாக் என்ற பேச்சுக்கு முன், யாருக்கு நல்லது என்று கேட்டாக வேண்டியிருப்பது இதனால்தான்.

‘அதற்குத்தான் கீழே திருகும் வளையம் இருக்கிறதே, டபுள்ஸ் போகும்போது ஒரு படி ஏற்றிக்கொண்டால் ஆயிற்று’ என்பார்கள். வளையத்தைத் திருகுவதால் ஸ்பிரிங்கின் வலு மாறுவதே இல்லை. முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கிறோம், அவ்வளவுதான். வண்டி நிற்கும் உயரம் மாறும், ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் தேவையான பாரம் மாறாது. எப்போதாவது ஒருவரை ஏற்றிக்கொள்ள அது உதவும். மெலிந்த ஸ்பிரிங்கைத் தடித்ததாக்க உதவாது. ஸ்பிரிங் எடைக்குப் பொருந்துகிறதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரம் தொங்கும் நிலையில், அச்சிலிருந்து நேர்மேலே மட்கார்டில் ஒரு புள்ளி வரைக்கும் அளக்க வேண்டும். ஸ்டாண்டிலிருந்து இறக்கி வண்டி தானாக நிற்கும்போது ஒரு முறை, ஓட்டுபவர் ஏறிய பிறகு ஒரு முறை. ஆளோடு சேர்த்து மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாக இறங்கினால் சரி. ஆளோடு அளவு சரியாக வருகிறது, ஆனால் வண்டி தனியாக நிற்கும்போது துளிகூட இறங்கவில்லை என்றால், ஸ்பிரிங் தடிப்பு என்றுதான் பலரும் முடிவுகட்டுவார்கள். உண்மை நேர்மாறானது. மெலிந்த ஸ்பிரிங்கை வளையத்தால் அளவுக்கு மீறி அமுக்கி வைத்திருக்கிறோம் என்பதே அதன் பொருள். கடையில் ஷாக்கைத் தரையில் ஊன்றி உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கும் வழக்கம் இந்த விஷயத்தில் எதையும் சொல்லாது. ஆயில் எவ்வளவு நிதானமாகத் திரும்ப விடுகிறது என்பதை வேண்டுமானால் ஓரளவு காட்டும்.

கேஸ் ஷாக் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. துளைகள் வழியே ஆயில் வேகமாக ஓடி ஓடி, காற்றோடு கலந்து நுரைத்தால் அடக்கும் வலு போய்விடும். நைட்ரஜனை அழுத்தத்தில் நிறுத்தினால் அந்த நுரைப்பு கட்டுப்படும். இரண்டு பேரும் பெட்டிகளுமாக உடைந்த சாலையில் மணிக்கணக்கில் போகிறவருக்கு அது உண்மையான லாபம். ஆனால் வீட்டிலிருந்து அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் வரை, 60 கி.மீ. வேகம் என்று ஓடும் வண்டியில் ஆயில் அந்த நிலைக்குப் போவது அரிது. இன்னொரு மயக்கமும் இதில் இருக்கிறது. 12 மி.மீ. தண்டு, உள்ளே 10 பார் அழுத்தம் என்றால், அந்த வாயு தண்டை ஏறத்தாழ 11 கிலோ விசையோடு எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். கையால் அழுத்தும்போது தொடக்கத்திலேயே ஒரு விறைப்பு தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். அதைப் பார்த்து ‘இது நல்ல பலமான ஷாக்’ என்று எடுத்துக்கொள்கிறோம். அது ஸ்பிரிங்கின் பலம் இல்லை. பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு புட்டியைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. மலிவான சில ஜோடிகளில் அது வெறும் அலங்காரம், உள்ளே ஆயிலும் இல்லை, வாயுவும் இல்லை.

நீளத்தில் மட்டும் எந்தப் பேரமும் கூடாது. போல்ட் நுழையும் மேல் கண்ணின் நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடுவரை பழைய அளவு என்னவோ அதுதான் புதியதற்கும். பின்பக்கம் தூக்கி நின்றால் அழகு என்று 20, 25 மி.மீ. நீளமானதைப் போட்டால், முன் ஃபோர்க் நிமிர்ந்து, நேராக ஓடும் நிதானம் குறைகிறது. ஸ்விங் ஆர்ம் கீழே தொங்கிச் செயினின் கோணம் மாறுகிறது. சென்டர் ஸ்டாண்டில் போட்டால் பின்சக்கரம் தரையைத் தொட்டு நிற்கும். பஞ்சர் போடும் நாளில்தான் அந்த அழகின் விலை தெரியும். குட்டையானதைப் போட்டால் இரண்டு பேர் ஏறியதும் டயர் மட்கார்டை உரசும். அதோடு, ஸ்பிரிங் பருத்ததாக இருந்தால் செயின் கவரிலோ சைலன்சரிலோ இடிக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே அளந்துகொள்ள வேண்டும்.

‘பழைய வண்டிக்குப் பழைய ஷாக்தான் மரியாதை’ என்ற வாதம் எனக்கு மனதுக்கு நெருக்கமானது. தகர உறைக்குள் ஸ்பிரிங் மறைந்திருக்கும் அந்தத் தோற்றம் இல்லாமல் புல்லட் முழுமையாகத் தெரிவதில்லை. ஆனால் தொழிற்சாலை பொருத்திய ஸ்பிரிங்கும் ஏதோ ஒரு சராசரி எடையை மனதில் வைத்துச் செய்த சமரசம்தான். உறையை வைத்துக்கொண்டே உள்ளே இருப்பதை மாற்றலாம். ஸ்பிரிங் சுற்றித் தரும் பட்டறைகள் இருக்கின்றன. செலவும் குறையும். ஆனால் ஸ்பிரிங்கை மட்டும் தடிப்பாக்கிவிட்டு, நாள்பட்டுத் தளர்ந்த ஆயிலை அப்படியே விட்டால், தடித்த ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தை அதனால் பிடித்து நிறுத்த முடியாது. வேகத்தடை தாண்டியதும் வண்டி மூன்று நான்கு முறை ஆடும். பிரிக்க முடிந்த ஷாக் என்றால் சீலும் ஆயிலும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிரிக்க முடியாதது என்றால் எடைக்கேற்ற ஸ்பிரிங்கோடு வரும் புது ஜோடிதான் வழி. ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது கூடவே கூடாது. ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொள்ளும்.

பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வண்டியை ஸ்டாண்டில் போட்டு, இரண்டு ஷாக்கையும் கழற்றிவிட்டு, ஸ்விங் ஆர்மின் நுனியைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் அதன் புஷ் தேய்ந்திருக்கிறது. வளைவில் வண்டி அலைவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். புஷ்ஷை மாற்றி, டயர் காற்றையும் சரிபார்த்து ஒரு வாரம் ஓட்டிய பிறகும் வண்டி அடிமட்டத்தில் முட்டினால், அப்போது எடை பார்க்கும் இயந்திரத்தில் ஓட்டுபவரும் பின்னால் உட்காருபவரும் ஏறி நின்று, அந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கடைக்கு எடுத்துப்போகலாம்.