பெட்டியில் உறங்கிய சித்திரங்கள்
1985-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சித்திரக்காரர் ஆண்டி வார்ஹோல், அமிகா என்னும் கம்ப்யூட்டரில் சித்திரந் தீட்டிப் பரீட்சை செய்தார். 1987-இல் அவர் காலஞ்சென்றார். அச்சித்திரங்கள் அடங்கிய பிளாப்பி தகடுகள் பிட்ஸ்பர்க் நகரில் அவர் பெயரால் விளங்கும் காட்சிச்சாலையில் பத்திரமாகவே இருந்தன. அவற்றைப் படிப்பதுதான் அரிதாயிற்று. கார்னெகி மெலன் சர்வகலாசாலையின் கம்ப்யூட்டர் சங்கத்தார் பாடுபட்டு மீட்க, 2014-இல் அவை வெளிவந்தன.

துணியில் தீட்டிய சித்திரம் மங்கினாலும் கண்ணுக்குப் புலனாகும். எண்களாலான சித்திரமோ, படிக்கும் யந்திரம் வழக்கொழிந்தால் இருந்தும் இல்லாததேயாகும். ஆதலின், இம்முறையில் முயலும் கலைஞர்கள் தம் படைப்புக்களைக் காலந்தோறும் புதிய அமைப்புக்கு மாற்றிப் பிரதி வைத்தல் வேண்டும். காட்சிச்சாலைகள் தகட்டோடு யந்திரத்தையும் பேணுதல் அவசியமென்பது நமது துணிபு. எஞ்ஞான்றும் ஒரு சங்கத்தாரின் ஆர்வத்தையே நம்பியிருத்தல் கூடுமோ?